மூன்று மொழிகளுக்கு ஒரே பெயர்ப் புத்தகம்

கௌரி, முரளி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழைவிட வங்காளம் வேகமாகப் படிக்க வரும் என்று தெரியும். அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறேன். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவள் ஒரு தடவை படித்துவிட்டு, "எல்லாம் சரிதான், என்னைப் பத்தி மட்டும் கொஞ்சமா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள்.

பூஜை விடுமுறைக்கு வந்தபோது முரளி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "எங்க ஆபீஸ்ல ரெண்டு மொழியில எழுதின புரோகிராமை ஒண்ணாச் சேர்த்து ஓட்டணும்பா. உள்ளே இருக்கிற பேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. பெரிய தலைவலி. விடுங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியாது." நான் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். கௌரிதான் என் முகத்தைப் பார்த்து, "அப்பா சிரிக்கிறாரு, என்னமோ இருக்கு" என்றாள்.

இருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயால் சொன்னால் நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேனோ என்று ஒரு பயம். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான். அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பத்து வருஷம் டைப்பிஸ்ட். அறுபதுகளின் கடைசியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தப்பில்லாமல் டைப் அடிப்பவர்கள் ஆறு பேரைப் பொறுக்கி, ஆறு வாரம் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டையில் துளையிடச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷம் துளையிட்டேன். பிறகு என் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது என்று புரோகிராம் நூலகத்தில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலிதான்.

நூலகம் என்றால் புத்தகம் இல்லை. இரும்பு அலமாரிகளில் அட்டைக்கட்டுகள். ஒரு வேலையைச் செய்யும் சின்னப் புரோகிராம் ஒவ்வொன்றும் ஒரு கட்டு. அதைத் துண்டு என்று சொல்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு துண்டு இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கும். கட்டு கீழே விழுந்து சிதறினால் மறுபடி அடுக்க வசதியாக, அதன் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு மைக்கோடு போடுவோம். போர்ட்ரான் மொழியில் எழுதியதற்குச் சிவப்புக் கோடு. கோபால் மொழிக்கு நீலம். இயந்திரத்தின் சொந்த மொழிக்குப் பக்கத்தில் இருக்கும் அசெம்பிளருக்குப் பச்சை. (உங்கள் அம்மா கல்யாணமான புதிதில் நாலு மாதம், கோபால் என்பவர் என்னோடு வேலை பார்க்கும் யாரோ மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "தினமும் அந்தக் கோபாலால லேட்டுன்னு சொல்றீங்களே, ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க, பேசிப் பார்க்கலாம்" என்றாள்.)

என் வேலை இதுதான். யார் புதிதாக ஒரு துண்டு எழுதினாலும், கட்டை அலமாரியில் வைக்குமுன் என்னிடம் ஒரு படிவம் தர வேண்டும். துண்டின் பெயர், எழுதியவர், அது என்ன வாங்கிக்கொள்கிறது, என்ன திருப்பித் தருகிறது. நான் பதிவேட்டைப் புரட்டி, அந்தப் பெயர் ஏற்கெனவே இல்லை என்று பார்த்து, முத்திரை வைப்பேன். மூன்று மொழிக்கு மூன்று பதிவேடு. அவற்றுக்கும் சிவப்பு, நீலம், பச்சை அட்டை. கடைசியில் ஒரு கட்டத்தை நானாகவே சேர்த்திருந்தேன்: இந்தத் துண்டை யார் யார் கூப்பிடுகிறார்கள். யாரும் கேட்காத கட்டம். மதியம் வேலை குறைவாக இருக்கும்போது புரோகிராம்களை அச்சடித்த பட்டியல்களைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருப்பேன்.

மூன்று பதிவேடும் அவ்வளவு சுத்தமாக இருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் காட்டுவார்கள். அந்தச் சுத்தத்தில்தான் தப்பு இருந்தது. அதற்கு வருகிறேன்.

எங்கள் மேலதிகாரி லாஹிரி சார். எல்லாருக்கும் அவர் லாஹிரிதா, அதாவது லாஹிரி அண்ணா. நான் மட்டும் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டேன். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டைப்பையில் எப்போதும் நாலு பென்சில், நாலும் பிளேடால் சீவியவை. அச்சடித்த பட்டியலைப் படிக்கும்போது ஒரு மரஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, வரி வரியாக நகர்த்துவார். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னால் வருவார். "முன்னாலிருந்து படிச்சா கதை மாதிரி ஆயிடும், நம்பத் தோணும்" என்பார். பெருக்குகிறவர் முதல் டைரக்டர் வரை எல்லாருக்கும் 'ஆப்னி', நீங்கள் என்ற மரியாதைதான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் 'தயவுசெய்து' என்று சொன்னால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்னொரு வழக்கம்: நல்ல செய்தியை உட்கார்ந்து கேட்பார். ஏதாவது தவறிவிட்டது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து நின்றுகொள்வார். சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "தேகெச்சேன், நா பேபெச்சேன்?" பார்த்தீர்களா, அல்லது நினைத்தீர்களா? இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பதிலை அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

எங்களிடம் வேலை கொடுத்த அலுவலகங்களில் ஒன்று நதியைக் கவனிப்பது. ஹூக்ளியில் 'பான்' வருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கடலின் ஏற்றம் ஆற்றுக்குள் நுழைந்து, சுவர் மாதிரி எழும்பி, நீரோட்டத்துக்கு எதிராக மேலே ஓடிவரும். பெரிய அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். கரையில் கட்டிய படகைப் படிக்கட்டில் அடித்து நொறுக்கிவிடும். நடு ஆற்றில் நிற்கும் படகோ அலைமேல் ஏறி இறங்கிவிடும், ஒன்றும் ஆகாது. அதனால் நேரம் தெரிந்தால் படகுக்காரர்கள் முன்னாடியே கயிற்றை அவிழ்த்து நடு ஆற்றுக்குப் போய் நிற்பார்கள். அந்த நேரத்தையும் அன்றாட ஏற்ற நேரத்தையும் கணக்கிட்டு, வாராவாரம் தாளில் அச்சடித்துத் தருவது எங்கள் வேலை. பதினோரு படித்துறைகளில் ஒட்டுவார்கள்.

பல வருஷமாக இது இரண்டு வேலையாக நடந்தது. முதலில் அணிமாதி எழுதிய போர்ட்ரான் துண்டுகள் நேரத்தைக் கணக்கிட்டு, விடையை அட்டையில் துளையிட்டுத் துப்பும். அணிமாதி என்றால் அணிமா தீதி, அணிமா அக்கா. கணக்கில் எம்.எஸ்சி. நாக்கு கூர்மை. அந்த அட்டைகளை மறுநாள் தீபக்கின் கோபால் துண்டுகளுக்குக் கொடுத்தால், அவை தாளில் அழகாக வரிசைப்படுத்தி அச்சடிக்கும். பழைய கோபால் துண்டுகளை மாற்றிப் புதிதாக எழுதித் தந்த தீபக் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஓர் உத்தரவு வந்தது. மின்வெட்டு அதிகம், இயந்திர நேரம் போதவில்லை, ஆகவே இரண்டு வேலையையும் ஒரே ஓட்டமாக இணைத்துவிடுங்கள் என்று. சிவப்புக் கோடு, நீலக் கோடு, அச்சு இயந்திரத்தைக் கவனிக்கும் ஒரு பச்சைக் கோடு, எல்லாம் சேர்ந்து ஒரே புரோகிராமாக ஓட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முரளிக்குத் தெரிந்திருக்கும், கௌரிக்காகச் சொல்கிறேன். எந்த மொழியில் எழுதினாலும் முதலில் அதை இயந்திரமொழியாக மாற்றுவார்கள். மாறிய பிறகு எது போர்ட்ரான், எது கோபால் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எல்லாம் ஒரே எண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர்ச்சீட்டு மட்டும் மிஞ்சும். பிறகு இணைப்பான் என்ற புரோகிராம் வந்து, எந்தப் பெயரை எது கூப்பிடுகிறது என்று பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தைக்கும். முடிவில், எதையெல்லாம் தைத்தேன் என்று ஒரு பட்டியல் அச்சடிக்கும். அந்தப் பட்டியலை ஒருவரும் படிப்பதில்லை. கோப்பில் போடுவது என் வேலை.

இணைக்கும் முன் லாஹிரி சார் என் மேஜைக்கு வந்தார். "மூர்த்தி பாபு, எல்லாம் ஒரே வீட்டுக்குக் குடிவருது. பேர் எதுவும் இடிக்காதே?"

"இடிக்காது சார்."

"தேகெச்சேன், நா பேபெச்சேன்?"

"பார்த்தேன் சார்."

பொய் இல்லை. முதல்நாள் முழுவதும் பார்த்தேன். சிவப்புப் புத்தகத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை இல்லை. நீலத்தில் இல்லை. பச்சையில் இல்லை. ஒரு புத்தகத்தின் பெயரை இன்னொரு புத்தகத்தில் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மொழி வேறு, கோடு வேறு, அலமாரி வேறு என்று இத்தனை வருஷம் பிரித்தே வைத்துப் பழகிய கண்.

முதல் வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய முறையில் வந்த நேரங்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. அணிமாதி எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். அது சாதாரண வாரம், பான் இல்லாத வாரம். அதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது வாரம், சனிக்கிழமை பௌர்ணமி. வியாழக்கிழமை காலை தாள்கள் அச்சாகி, நதி அலுவலகத்து ஜீப்பில் பதினோரு படித்துறைக்கும் போய்விட்டன. மதியம் நான் இணைப்புப் பட்டியலைக் கோப்பில் போட உட்கார்ந்தேன்; முதல் வாரத்துப் பட்டியலைச் சோதனைதானே என்று எண்ணாமல் விட்டிருந்தேன். பதிவேட்டில் ஒரு டிக், பட்டியலில் ஒரு டிக் என்று போடுவது என் பழக்கம். பதிவேடுகளின்படி இந்த ஓட்டத்தில் இருபத்துமூன்று துண்டுகள். பட்டியலில் இருபத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு. தேநீர் வந்தது, குடிக்காமல் மூன்றாம் தடவை எண்ணினேன்.

விடுபட்டது எது என்று தேடினால் எதுவும் விடுபடவில்லை. எல்லாப் பெயரும் இருந்தன. அப்புறம்தான் தெரிந்தது. 'அட்ஜஸ்ட்' என்ற பெயருக்கு என் பேனா இரண்டு டிக் போட்டிருந்தது. சிவப்புப் புத்தகத்திலிருந்து ஒன்று, நீலத்திலிருந்து ஒன்று. பட்டியலில் அந்தப் பெயர் ஒரே தடவைதான்.

போர்ட்ரான் அட்ஜஸ்ட் அணிமாதி எழுதியது. பெரிய ஏற்ற நாட்களில் மட்டும், ஒவ்வொரு படித்துறைக்கும் பான் வரும் நேரத்தில் ஒரு கூடுதல் திருத்தம் போடும். கோபால் அட்ஜஸ்ட் தீபக் எழுதியது. எந்த நேரத்தைக் கொடுத்தாலும் அதை ஐந்து நிமிஷக் கணக்குக்கு முழுமையாக்கித் தரும். இரண்டும் ஒரே ஓர் எண்ணை வாங்கி, ஒரே ஓர் எண்ணைத் தருபவை. ஆகவே எந்த மறுப்பும் வரவில்லை. இணைப்பான் முதலில் வந்த அட்ஜஸ்ட்டைத் தைத்துக்கொண்டு, இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டது. அட்டைகளில் தீபக்கின் கட்டு முன்னால் இருந்தது. அணிமாதியின் கணக்கு 'அட்ஜஸ்ட், வா' என்று கூப்பிட்டபோதெல்லாம் போய் நின்றது தீபக்கின் துண்டு; பான் திருத்தம் விழவே இல்லை.

லாஹிரி சார் அறைக்குப் போனேன். "சார், ஒரு தப்பு" என்றதும் எழுந்து நின்றார். சொல்லி முடித்தேன். அவர் கேட்குமுன் நானே, "பார்த்தேன் சார், நினைக்கல" என்று பட்டியலை நீட்டினேன்.

ஸ்கேலை வைத்து, கடைசி வரியிலிருந்து மேலே வந்தார். அணிமாதியையும் தீபக்கையும் கூப்பிட்டார். "அணிமா, தயவுசெய்து சனிக்கிழமைக்கு, வடகோடிப் படித்துறைக்கு, கையால் கணக்குப் போடுங்கள்."

அணிமாதி நின்றபடியே ஸ்லைடு ரூல் என்ற கணக்குக் கோலை எடுத்துக் கணக்குப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவள் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ரெண்டு முப்பத்தஞ்சு" என்றாள். தாளில் இரண்டு பத்து.

தீபக் மெல்ல, "சீக்கிரமாத்தானே போட்டிருக்கு? முன்னாடியே நடு ஆத்துக்குப் போயிடுவாங்க. நல்லதுதானே லாஹிரிதா?" என்றான்.

"போவாங்க. ரெண்டு பத்து ஆகும், வராது. ரெண்டு இருபது ஆகும், வராது. இன்னைக்குப் பான் இல்லன்னு திரும்பி வந்து கயித்தைக் கட்டுவாங்க. சவாரி ஏத்துவாங்க. அப்போ வரும்."

முன்னால் இருந்தது தீபக்கின் கட்டு. நிரந்தரமாகாத வேலை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். "சார், ரெண்டு பேருக்கும் முத்திரை வெச்சது நான். இடிக்காதுன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்."

லாஹிரி சார் ஸ்கேலை மேஜையில் வைத்தார். "அதைத் திங்கட்கிழமை பேசலாம், மூர்த்தி பாபு. இப்போ சொல்லுங்க, எந்த அட்ஜஸ்ட்டோட பேரை மாத்தினா வேலை குறைவு?"

அங்கேதான் யாரும் கேட்காத அந்தக் கடைசிக் கட்டம் கைகொடுத்தது. பதிவேடுகளைக் கொண்டுவந்தேன். தீபக்கின் துண்டை ஒன்பது இடத்தில் கூப்பிடுகிறார்கள். அணிமாதியுடையதை இரண்டே இடத்தில். அதன் தலையில் உள்ள அட்டையையும் சேர்த்து மொத்தம் மூன்று அட்டை மாற்றினால் போதும். புதுப் பெயருக்கு அணிமாதி 'பான்ஃபிக்ஸ்' என்றாள். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்குமேல் போர்ட்ரான் ஒத்துக்கொள்ளாது. இது சரியாக ஆறு. அந்தப் பெயரை மூன்று புத்தகத்திலும் தேடினேன். நாலாவது தடவையும் தேடினேன். "மூர்த்தி பாபு, இன்னும் யார் வீட்டுக் குழந்தைக்கும் அந்தப் பேர் வைக்கல, முத்திரையைக் குத்துங்க" என்றாள் அணிமாதி. அந்த மூன்று அட்டையையும் நானே துளையிட்டேன். ஆனால் அன்றைக்கு இயந்திரம் வேறு வேலைக்கு ஒதுக்கியிருந்தது. எங்கள் முறை வெள்ளி காலை ஒன்பதரைக்கு. பதினோரு மணிக்கு மின்வெட்டு.

அன்றைக்கு வீட்டில் என் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அப்போது லேக் கார்டன்ஸில் ஒண்டிக்குடித்தனம். முரளி தவழ்ந்துகொண்டிருந்தான். உங்கள் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "யாரு பண்ணின தப்பு?" என்றாள்.

"நான் பண்ணினது."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப சாப்பிடுங்க. சொல்லாம இருந்தாத்தான் பட்டினி கிடக்கணும்" என்று ரசத்தை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அட்டைகள் உள்ளே போயின. முதலில் வந்தது இணைப்புப் பட்டியல். அதை முதல் தடவையாக எல்லாரும் படித்தார்கள். தீபக் சத்தமாக எண்ணினான். இருபத்துமூன்று. தாள்கள் அச்சாகி வெளியே வந்தபோது பத்து ஐம்பது. வடகோடியில் சனிக்கிழமைக்கு நேரே இரண்டு முப்பத்தைந்து. தாள்களைக் கிழித்துப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது.

நதி அலுவலகத்தில் கேட்டால், ஜீப் டயமண்ட் ஹார்பர் பக்கம் போயிருக்கிறது, திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். லாஹிரி சார் போனை வைத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டார். "பதினோரு படித்துறை. நாலு பேர் இருக்கோம்." கேன்டீனில் மைதா வாங்கிப் பசை காய்ச்சினோம். தெற்கே மூன்றை அவரும் அணிமாதியும், நடுவில் நாலைத் தீபக்கும், வடக்கே நாலை நானும் எடுத்துக்கொண்டோம். எம்.எஸ்சி. படித்த பெண்மணி கையில் பசை டப்பாவோடு டிராமில் ஏறியதைப் பார்த்த கண்டக்டர், "தீதி, எலெக்ஷனா?" என்று கேட்டாராம்.

முதல் மூன்று படித்துறையில் சிரமம் இல்லை. அங்கிருந்த குமாஸ்தாக்கள் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டச் சொன்னார்கள். வடகோடியில் குமாஸ்தா இல்லை. படகுக்காரர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் கரீம் சாசா, அங்கே எல்லாருக்கும் சித்தப்பா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நான் பசை தடவுவதைப் பார்த்தார். எழுத்துப் படிக்கமாட்டார், எண் படிப்பார். அவர் வங்காளத்தில் பேசியதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"நேத்து ஒரு காகிதம் ஒட்டினாங்க. ரெண்டு பத்துன்னு இருக்கு. நீ ரெண்டு முப்பத்தஞ்சுன்னு ஒட்டுறே. எதை நம்புறது?"

"இதை நம்புங்க சாசா."

"ஏன்? இது உன் காகிதங்கறதாலயா?"

பின்னாலிருந்து ஓர் இளவட்டம், "உங்க மெஷினுக்குப் பொண்டாட்டி ரெண்டு போல இருக்கு, ஒருத்தி ஒரு நேரம் சொல்றா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "நாளைக்கு வந்து மூணாவதா ஒண்ணு ஒட்டுவாரு பாரு" என்றான் இன்னொருவன்.

நான் ஏதாவது அலுவலகப் பேச்சாகச் சொல்லியிருக்கலாம். திருத்தப்பட்ட அறிவிப்பு, மேலிடத்து உத்தரவு என்று. வாயில் வரவில்லை. "மெஷின் மேல தப்பில்ல. ரெண்டு வேலைக்கு ஒரே பேர் வெக்க விட்டது நான். அதனால இந்த ஆள் செய்யவேண்டிய வேலையை அந்த ஆள் செஞ்சுட்டான். நேத்து காகிதம் என் தப்பு" என்றேன். என் வங்காளம் அப்போது இன்னும் மோசம்.

கரீம் சாசா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் தப்பா? உன் மேலதிகாரி சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

"சர்க்கார் ஆளு ஒருத்தன் என் தப்புன்னு சொல்லி இந்தப் படியில நான் கேட்டதில்ல" என்று பழைய காகிதத்தை அவரே ஒரே இழுப்பில் கிழித்தார். "அப்ப இந்தக் காகிதம் சரியாத்தான் இருக்கும். டேய், நாளைக்கு முப்பத்தஞ்சு ஆகி, அலை தாண்டுற வரைக்கும் எவனும் கரைக்கு வரக்கூடாது. கேட்டுதா?"

சனிக்கிழமையைக் கடைசியில் சொல்கிறேன். திங்கட்கிழமையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீசுக்கு உபயோகப்படுவது அதுதான், முரளி.

திங்கட்கிழமை வேலை போய்விடும் என்றே நினைத்துப் போனேன். அணிமாதியும் தீபக்கும் ஏற்கெனவே அறையில் இருந்தார்கள். லாஹிரி சார் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. "ஒரு வீட்டுல மூணு மொழிக்காரங்க இருக்கப் போறாங்க. இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

இரண்டு நாளாக யோசித்ததைச் சொன்னேன். மூன்று புத்தகம் வேண்டாம், ஒரே புத்தகம், அகர வரிசையில். மொழி என்பது அதில் ஒரு கட்டம் மட்டும். ஆனால் அது போதாது. கோபாலில் முப்பது எழுத்துவரை பெயர் வைக்கலாம், இணைப்பான் முதல் எட்டை மட்டுமே பார்க்கும். போர்ட்ரானில் ஆறுதான். எல்லாரும் சின்னச்சின்ன ஆங்கில வார்த்தைகளையே தேடுவார்கள், மறுபடி மறுபடி இடிக்கும். "எங்க ஊர்ல கிருஷ்ணமூர்த்தி தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க சார். அதனால முன்னாடி இனிஷியல் போடுவோம். நதி வேலையில வர்ற எல்லாத்துக்கும் முன்னாடி ரெண்டு எழுத்து. பரீட்சை மார்க் போட்டுத் தர்ற வேலைக்கு வேற ரெண்டு எழுத்து. எந்த மொழியில எழுதினாலும் குடும்பத்து இனிஷியல் ஒண்ணுதான்."

அணிமாதி சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். "ஆறு எழுத்துல ரெண்டை உங்க இனிஷியலுக்குக் கொடுத்துட்டா, எனக்கு மிச்சம் நாலு. நாலு எழுத்துல என்ன பேர் வைக்கிறது மூர்த்தி பாபு? நான் என்ன தந்தியா அடிக்கிறேன்?"

"தீதி, உங்க வீட்டுல எல்லாரையும் நாலெழுத்துக்குள்ளதானே கூப்பிடுறீங்க? மிட்டு, டுலு, புகு. ஒரு தடவை போன் பண்ணினேன், உங்களைக் கூப்பிட்டாங்களே, என்ன பேரு அது..." என்றான் தீபக்.

"அதை மட்டும் இங்கே சொன்னே, உன் அட்டைக்கட்டை ஹூக்ளியில போட்டுடுவேன்."

லாஹிரி சார் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "தீபக் சரியாத்தான் சொல்றார். நம்ம ஆளுங்களுக்கு வீட்டுல ஒரு பேர், டாக் நாம். பள்ளிக்கூடத்துல ஒரு பேர், பாலோ நாம். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கோகோன் உண்டு. வீட்டுக்குள்ள கூப்பிட்டா ஒண்ணும் குழப்பமில்ல. தெருவுல நின்னு கோகோன்னு கத்தினாத்தான் பத்து தலை திரும்பும். உங்க துண்டுக்குள்ள என்ன டாக் நாம் வேணாலும் வெச்சுக்கோங்க, அதை நாங்க கேக்க மாட்டோம். வெளியிலேருந்து கூப்பிடுற பேர் மட்டும் மூர்த்தி பாபுவோட புத்தகத்துல இருக்கிற பாலோ நாம். முன்னாடி மதராஸி இனிஷியல்."

அன்று மாலையே உத்தரவு டைப் அடித்தேன். முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றி, கூப்பிடும் இடங்களிலெல்லாம் அட்டை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று. இன்னொரு விதியும் சேர்த்தோம்: இணைப்புப் பட்டியலில் எண்ணிக்கை சரியா என்று பார்த்து நான் கையெழுத்துப் போடாமல் எந்தத் தாளும் கட்டடத்தை விட்டுப் போகக்கூடாது. பிறகு இரண்டு தடவை புது இயந்திரம் வந்தது, நாலாவதாக ஒரு மொழியும் வந்தது. புத்தகம் மட்டும் மாறவில்லை. தீபக் நிரந்தரமானான். நான் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண், முதல் வாரமே ஒரு பெயரை இடிக்கிறது என்று அணிமாதியிடமே திருப்பி அனுப்பினாளாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால் சொல்கிறேன் முரளி, உங்கள் ஆபீசிலும் இது தீரும். முதலில் எல்லாப் பெயரையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்.

இனி சனிக்கிழமை. இதை உங்கள் அம்மாவிடம்கூட அப்போது சொல்லவில்லை.

அன்று அரைநாள். ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வடகோடிக்கு பஸ் ஏறினேன். யாரும் வரச் சொல்லவில்லை. படித்துறையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பதினாலு படகுகள் ஏற்கெனவே நடு ஆற்றில் நின்றன. கரீம் சாசாவின் படகு கடைசியில். வெயில். ஆறு அசையாமல் எண்ணெய் மாதிரி இருந்தது.

இரண்டு பத்து ஆயிற்று. ஒன்றும் இல்லை. இரண்டு இருபதுக்கு ஒரு படகு மெல்லக் கரைப்பக்கம் முகத்தைத் திருப்பியது. அதற்குள் சாசாவின் குரல் தண்ணீர்மேல் வந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. படகு திரும்பிப் போய் நின்றது. இரண்டு முப்பத்தைந்து ஆயிற்று. ஒன்றும் இல்லை. கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முப்பத்தெட்டுக்குத் தெற்கே கரையில் நின்றவர்கள் "பான்! பான்!" என்று கத்துவது கேட்டது. அடுத்த நிமிஷம் ஆற்றின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, பிறகு சத்தம், பிறகு அலை. படிக்கட்டில் ஏழு படி ஏறி அடித்தது. என் வேட்டி நனைந்தது. நடு ஆற்றில் படகுகள் ஒவ்வொன்றாக மூக்கைத் தூக்கி, மறைந்து, எழுந்தன. நான் எண்ணினேன். பதினாலு.

அவர்கள் திரும்பி வருமுன் கிளம்பிவிட வேண்டும் என்று நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மூடிக்கிடந்த டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கச் சுவரில், முந்தின நாள் என் கண்ணில் படாத இடத்தில், பழைய தாள் இன்னொன்று ஒட்டியிருந்தது. சனிக்கிழமை முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளில் ஞாயிறும் திங்களும் இருந்தன.

சுற்றிலும் யாரும் இல்லை. எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கி, இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளிக்கொண்டுவந்து தாள்மேல் ஊற்றினேன். பாதி வழியிலேயே சிந்திவிடும். ஐந்தாறு தடவை ஏறி இறங்கினேன். பசை ஊறியதும் மேல்மூலையிலிருந்து உரித்தேன். பெரிய துண்டாக வந்தது. மடித்து டிபன் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை வரியின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் சுவரிலேயே இருந்தன. அவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.